அடிச்சுப் போட்ட மாதிரி

தமிழ்ல ஒரு சொற்றொடர் இருக்கு. அதை நேர் எதிரான ரெண்டு இடத்துல நாம பயன்படுத்துறோம். "பஸ்ல வந்த அலுப்பு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்" என்போம். அதே வாயால "காலையில எழுந்தா உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றும் சொல்வோம். முதல்ல வர்றது அருமையான தூக்கம். அடுத்து வர்றது வலி.

இந்த ரெண்டுல ரெண்டாவது மட்டும் தினமும் கிடைச்சு, முதலாவது கிடைக்கவே கிடைக்காத மனிதர்கள் நம்மைச் சுத்தி இருக்காங்க. அவங்களில் ஒரு பகுதியினருக்கு இருக்கும் பிரச்சினைக்குப் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. உலக அளவில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு இது இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் பொதுவான கணக்கு. 60 பேர் உட்காரும் ஒரு வகுப்பையும், அந்த 60 பேரோட அப்பா அம்மாவையும் சேர்த்து எண்ணிப் பாருங்க. இந்த வலி உங்களுக்கு ரொம்பத் தூரத்துல இல்லைன்னு புரியும்.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். யாராவது "உடம்பெல்லாம் வலிக்குது"ன்னு சொன்னா, நாம கேட்கற அடுத்த கேள்வி "எங்க வலிக்குது?"ங்கறதோட நின்னுடக் கூடாது. "ராத்திரி எப்படித் தூங்குறீங்க?"ன்னு கேட்கணும். வீட்லயும் கேட்கணும், ஹாஸ்டல்லயும் கேட்கணும், மருத்துவரும் கேட்கணும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு பார்க்கலாம்.

ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் நார்மல் இல்ல

ஃபைப்ரோமயால்ஜியாவில் நடப்பது இதுதான்: உடம்பின் பல பகுதிகளில் மூணு மாசத்துக்கும் மேல வலி. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, தொடைன்னு இடம் மாறி மாறி. அதோட களைப்பு, எட்டு மணி நேரம் படுத்தும் தெளிவில்லாத காலை, எதையோ எடுக்க அறைக்குள்ள போய் என்ன எடுக்க வந்தோம்னு மறந்து நிற்கறது. ரத்தப் பரிசோதனை எடுத்தா நார்மல். எக்ஸ்ரே நார்மல். ஸ்கேன் நார்மல். கடைசியில வீட்ல ஒரு தீர்ப்பு வரும்: "ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார். எல்லாம் மனசுதான்."

இந்தத் தீர்ப்பு எங்கே தப்பாகுதுன்னு புரிய கொஞ்சம் வரலாறு வேணும். 1904இல் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் இந்த மாதிரி வலிக்கு 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். தசையின் இழைத் திசுக்களில் அழற்சி இருக்கும் என்பது அவர் ஊகம். பல பத்தாண்டுகள் தேடியும் அந்த அழற்சி கிடைக்கல. அதனால 1970களின் நடுவில் 'அழற்சி' என்ற பொருளை எடுத்துட்டு, 'வலி' என்ற பொருள் வரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயருக்கு மாறினாங்க.

1990இல் அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி ஒரு வரையறை கொடுத்தது. உடம்பில் 18 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சுமார் 4 கிலோ அழுத்தம் கொடுக்கணும். 11 இடத்தில் வலித்தால், பரவலான வலியும் மூணு மாசம் இருந்தால், ஃபைப்ரோமயால்ஜியா. 2010இல் அந்தப் புள்ளிகளை விட்டுட்டாங்க. அதுக்குப் பதிலா 19 உடல் பகுதிகளில் எத்தனையில் வலி என்ற கணக்கும், அறிகுறிகளின் தீவிரக் கணக்கும் வந்தது. அந்தத் தீவிரக் கணக்கில் மூணு அறிகுறிகளுக்குத் தனித்தனியா 0 முதல் 3 வரை மதிப்பெண்: களைப்பு, ஞாபகம்–கவனத்தில் குழப்பம், அப்புறம் தூங்கி எழுந்தும் புத்துணர்ச்சி இல்லாமை.

கடைசியா சொன்னதைக் கவனிச்சீங்களா? தூக்கம் இங்கே நோயின் பக்க விளைவா வரல. நோயை அடையாளம் காணும் அளவுகோலுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. அப்படின்னா, தூக்கத்தைப் பத்திக் கேட்காம ஒருத்தருக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருக்கா இல்லையான்னு சொல்லவே முடியாது.

2017இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் மூன்றாவது வகை வலி ஒன்றை அங்கீகரித்தது. காயத்தால் வருவது ஒரு வகை. நரம்பு சேதமாவதால் வருவது இன்னொரு வகை. திசுவிலும் நரம்பிலும் தெளிவான சேதம் தெரியாமல், வலியைக் கையாளும் அமைப்பே மாறிப்போவதால் வருவது மூன்றாவது. அதற்கு 'நோசிபிளாஸ்டிக்' வலி என்று பெயர். ஃபைப்ரோமயால்ஜியா அதற்கு முக்கியமான எடுத்துக்காட்டு. ஹார்ட்வேரில் உடைசல் இல்லை, ஆனா சிக்னல் பிராசஸிங் மாறிப்போச்சு. நம்ம லேப்ல இப்படி ஒரு போர்டு வந்தா "ஒண்ணும் இல்ல, போர்டுக்கு மனசு சரியில்ல"ன்னு எழுதி அனுப்புவோமா?

1975, டொரன்டோ: தூக்கத்தைத் தட்டிப் பார்த்தவர்கள்

வலி இருந்தா தூக்கம் வராது. இது யாருக்கும் தெரிஞ்ச விஷயம். பல் வலி வந்த எல்லாருக்கும் தெரியும். இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர் கனடாவின் டொரன்டோவில் இருந்த ஹார்வி மால்டோஃப்ஸ்கி. தூக்கம் கெட்டா வலி வருமா?

1975இல் அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ரெண்டு பகுதியா நடந்தது. முதல் பகுதியில், அப்போது ஃபைப்ரோசைட்டிஸ் என்று அழைக்கப்பட்ட இதே பிரச்சினை உள்ளவர்களின் தலையில் மின்முனைகள் ஒட்டி, இரவு முழுக்க ஈ.ஈ.ஜி. எடுத்தாங்க. இங்கே ஒரு சின்ன விளக்கம். நாம ஆழ்ந்து தூங்கும்போது மூளையில் மெதுவான, உயரமான டெல்டா அலைகள் வரும். நொடிக்கு ரெண்டு மூணு சுற்றுக்கு மேல போகாது. கண்ணை மூடி விழிச்சிருக்கும்போது வருவது ஆல்பா அலை. நொடிக்கு 8 முதல் 13 சுற்று. அந்த நோயாளிகள் பலரின் ஈ.ஈ.ஜி.யில் டெல்டா அலைகளின் மேலேயே ஆல்பா அலைகள் ஏறி உட்கார்ந்திருந்தன. தூங்குறாங்க, ஆனா அந்தத் தூக்கத்துக்குள்ள விழிப்பும் ஓடிக்கிட்டே இருக்கு. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு "நல்லாத்தானே குறட்டை விட்டுத் தூங்கினே" என்று தோணும். உள்ளே இருப்பவருக்கோ ராத்திரி முழுக்க யாரோ கதவைத் தட்டின மாதிரி இருக்கும்.

ரெண்டாவது பகுதிதான் சுவாரசியம். எந்த வலியும் இல்லாத ஆரோக்கியமானவங்களை ஆய்வகத்தில் தூங்க வெச்சாங்க. ஈ.ஈ.ஜி.யில் ஆழ்ந்த தூக்கம் தெரியும் போதெல்லாம் ஒரு சத்தம் கொடுத்தாங்க. முழுசா எழுப்பறதுக்கு இல்லை. ஆழத்துல இருந்து மேலே இழுக்கறதுக்கு. சில இரவுகள் இப்படி நடந்ததும் அவங்களுக்குத் தசை வலியும் களைப்பும் வந்தது, தொட்டா வலிக்கும் தன்மை கூடுச்சு. தொந்தரவு இல்லாம தூங்க விட்டதும் அது போயிடுச்சு. பிறகு கனவுத் தூக்கத்தை மட்டும் கெடுத்துப் பார்த்தப்போ அதே மாதிரி வலி வரல.

இந்த ஆய்வு சின்னது. பிறகு மற்ற ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது சிலவற்றில் அதே முடிவு வந்தது, சிலவற்றில் வரல. ஆல்பா அலை ஏறுவதும் எல்லா நோயாளிகளிடமும் இல்லை; நோய் இல்லாத சிலரிடமும் இருக்கு. அதனால 'ஈ.ஈ.ஜி. எடுத்தா கண்டுபிடிச்சிடலாம்' என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா அந்தக் கேள்வி உயிரோட இருக்கு. அதுக்குப் பின்னாடி வந்த பதில்கள் இன்னும் அழுத்தமானவை.

நார்வேயில் ஒரு பெரிய மக்கள் ஆய்வு. ஃபைப்ரோமயால்ஜியா இல்லாத 12,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் தூக்கத்தைப் பத்திக் கேட்டுட்டு, சுமார் பத்து வருஷம் கழிச்சு யாருக்கெல்லாம் அது வந்திருக்குன்னு பார்த்தாங்க. 2012இல் முடிவு வெளியானது. அடிக்கடியோ எப்போதுமோ தூக்கப் பிரச்சினை இருக்குன்னு முன்னமே சொன்னவங்களுக்கு, அப்படி இல்லாதவங்களைவிட மூணு மடங்குக்கும் மேல ஆபத்து. அதாவது தூக்கம் முன்னாடியே கெட்டிருக்கு, வலி பின்னாடி வந்திருக்கு.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2007இல் வெளியான இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் முக்கியம். ஆரோக்கியமான பெண்களில் ஒரு குழுவை இரவில் திரும்பத் திரும்ப எழுப்பினாங்க. இன்னொரு குழுவைத் தாமதமா படுக்க வெச்சு, அதே அளவு நேரம் ஒரே மூச்சா தூங்க விட்டாங்க. மொத்தத் தூக்க நேரம் ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ஒண்ணு. ஆனா வலியை அடக்கும் உடம்பின் சொந்தத் திறமை குறைந்தது, திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டவங்களுக்குத்தான். "எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்பது பாதிக் கேள்வி. "எத்தனை தடவை எழுந்தே?" என்பதுதான் மீதிப் பாதி.

கல்யாண மண்டபத்து மைக்

இதை நம்ம பாஷையில சொல்றேன். கல்யாண மண்டபத்துல மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்ட கொண்டு போனா என்ன ஆகும்? 'கீ...'ன்னு காதைக் கிழிக்கும். மைக்குல யாரும் கத்தல. அறையில இருந்த சின்னச் சத்தம் ஸ்பீக்கர்ல பெருசா வெளிய வந்து, திரும்ப மைக்குள்ள போய், இன்னும் பெருசாகி, சுத்திச் சுத்தி ஏறுது. பாசிட்டிவ் ஃபீட்பேக்.

உடம்புல என்ன நடக்குதுன்னு பாருங்க. உடம்பில் இருந்து சிக்னல் தண்டுவடம் வழியா மூளைக்கு மேலே ஏறுது. மூளையில இருந்து கீழே இறங்கி வரும் நரம்புப் பாதைகளும் இருக்கு. அவை தண்டுவடத்துலயே அந்த சிக்னலின் அளவைக் குறைக்கும் வேலையைச் செய்யும். செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள்கள் இதுல முக்கியம். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவங்ககிட்ட இந்த அடக்கும் பாதை பலவீனமா இருப்பதாகவும், மேலே போகும் பாதையின் கெயின் கூடியிருப்பதாகவும் பல ஆய்வுகள் காட்டுது. அதனால லேசான அழுத்தம்கூட வலியாகுது. வலி தூக்கத்தைக் கலைக்குது. கலைஞ்ச தூக்கம் அந்த அடக்கும் பாதையை மேலும் பலவீனமாக்குது. அடுத்த நாள் கெயின் இன்னும் கொஞ்சம் ஏறுது. மைக் கத்த ஆரம்பிச்சிடுச்சு.

இது வெறும் உவமை இல்லைங்கறதுக்கு 2019இல் பெர்க்லியில் வெளியான ஓர் ஆய்வு. ஆரோக்கியமான இளைஞர்களை ஒரே ஒரு இரவு தூங்க விடாம, காலில் சூடு வெச்சு எப்போ வலிக்குதுன்னு பார்த்தாங்க. தூங்கின நாளைவிடக் குறைஞ்ச சூட்டுலயே வலிச்சுது. மூளை ஸ்கேனில், உணர்வைப் பதிவு செய்யும் பகுதியின் வேலை கூடியிருந்தது; வலியை மதிப்பிட்டு மட்டுப்படுத்தும் பகுதிகளின் வேலை குறைஞ்சிருந்தது.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்களுக்கு பார்க்ஹாசன் நிபந்தனை ஞாபகம் இருக்கும். லூப் கெயின் 1-க்குக் கீழே இறங்கினா அலைவு தானா அடங்கிடும். அதுக்கு மைக்கையே உடைக்கத் தேவையில்லை. வால்யூமைக் கொஞ்சம் குறைக்கலாம், மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், ஸ்பீக்கரைத் திருப்பலாம். வளையத்தில் எந்த இடத்தில் குறைச்சாலும் பலன் உண்டு. மனுஷன் சர்க்யூட் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனா வலியை நேரடியா தொட முடியாதபோது தூக்கத்தின் பக்கமா போய்த் தொடலாம் என்ற வழி இந்தப் படத்துல தெரியுது.

வரிச்சிக்குடியில யாருக்கு ஒரே மூச்சுத் தூக்கம்?

இப்போ ஆய்வகத்தை விட்டுட்டு வெளியில வாங்க. நம்ம கோட்டுச்சேரி கொம்யூன் பக்கம், காலையில முதல் பஸ் வர்றதுக்கு முன்னாடியே எழுந்தவங்க யார்னு பாருங்க. மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை மாதிரி மீனவ ஊர்களில், படகு வர்ற நேரத்துக்குக் கூடையோட போய் நிற்கிற பெண்கள். நடவு, களைன்னு குனிஞ்ச முதுகு நிமிராம வேலை பார்த்துட்டு வந்து, வீட்டு வேலையையும் முடிச்சுட்டுப் படுக்கிறவங்க. ராத்திரி மாமனாரோட இருமலுக்கு ஒருமுறை, பிள்ளை அழுகைக்கு ஒருமுறை, கரண்ட் போய் விசிறி நின்னா ஒருமுறை, கொசுவுக்கு ஒருமுறை எழுந்துட்டு, குழாயில தண்ணி வர்ற நேரத்துக்குக் குடத்தோட நிற்கிறவங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரங்க ஆய்வகத்துல சிலருக்குச் சில இரவு செஞ்சதை, இவங்களுக்கு வாழ்க்கை வருஷக் கணக்கா செய்யுது.

நான் மிகைப்படுத்தல. 2019இல் இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியா 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். கிட்டத்தட்ட மூணு மணி நேரத்துக்கும் மேல வித்தியாசம். அந்த மூணு மணி நேரம் எங்கே இருந்து வரும்னு நினைக்கிறீங்க? அதுல ஒரு பகுதி ஓய்வுல இருந்தும் தூக்கத்துல இருந்தும் வரலாம்.

உடம்பு வலி நம்ம நாட்டுக் கிராமங்களில் எவ்வளவு பரவலா இருக்கு என்பதற்கும் கணக்கு உண்டு. 1996இல் மகாராஷ்டிராவின் பிக்வான் கிராமத்தில், புனேவைச் சேர்ந்த மருத்துவர் அரவிந்த் சோப்ரா குழுவினர் வீடு வீடாகப் போய் நாலாயிரத்துக்கும் அதிகமான பெரியவர்களிடம் கேட்டாங்க. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மூட்டு அல்லது தசை வலி. அதில் பெரும்பகுதி, மூட்டுவாதம் மாதிரி பெயர் சொல்லக்கூடிய நோய்களுக்குள் அடங்காத வலிகள். அந்த வலிகள் எல்லாம் ஃபைப்ரோமயால்ஜியான்னு நான் சொல்லல. பெயர் வைக்க முடியாத வலி நம்ம ஊர்களில் மிகச் சாதாரணம், அதனாலேயே அதை யாரும் கண்டுக்கறதில்லை என்பதைச் சொல்றேன்.

கண்டுக்காம விட்டா என்ன நடக்குது? மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "உடம்பு வலிக்கு ஏதாவது குடுங்க". நாலு மாத்திரை. அடுத்த வாரம் ஒரு ஊசி. ஃபைப்ரோமயால்ஜியாவில் டைக்ளோஃபெனாக் மாதிரி சாதாரண வலி மாத்திரைகள் பெரிசா உதவுறதில்லை, ஏன்னா அவை அடக்க வேண்டிய அழற்சி அங்கே இல்லை. வருஷக்கணக்கில் போட்டா வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். தூக்க மாத்திரையும் அப்படித்தான். அல்ப்ரசோலம் வகை மாத்திரைகள் படுத்ததும் தூங்க வைக்கும். ஆனா நமக்கு வேண்டிய அந்த டெல்டா அலைத் தூக்கத்தைக் குறைச்சிடும். கண் மூடியிருக்கும், பழுது பார்க்கும் வேலை நடக்காது. போகப் போக அது இல்லாம தூங்கவே முடியாத நிலையும் வரும்.

"நல்லாத் தூங்கு, சரியாயிடும்"

இந்த இடத்துல நீங்க ஒரு கேள்வி கேட்கலாம். "தூக்கம்தான் காரணம்னா, நல்லாத் தூங்கச் சொன்னா போதுமே?"

போதாது. இன்னும் சொல்லப்போனா, அதுவும் ஒரு பழி சுமத்தல்தான். "மனசுதான் காரணம்"ங்கற பழிக்குப் பதிலா "போனைப் பார்த்துக்கிட்டு முழிச்சிருக்கே, அதான் வலி"ங்கற பழி. வளையத்துல மாட்டினவங்க கிட்ட போய் வளையத்தை விட்டு வெளிய வான்னு கத்துற மாதிரி. தூங்க முடிஞ்சா அவங்க தூங்கியிருக்க மாட்டாங்களா?

தூக்கத்தைப் பத்திக் கேட்கச் சொல்றது, உத்தரவு போடறதுக்காக இல்லை. கேட்டாத்தான் அடுத்த கதவுகள் திறக்கும். குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருதா? அது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயா இருக்கலாம். அதுக்குத் தனி சிகிச்சை உண்டு. படுத்ததும் காலை அசைச்சுக்கிட்டே இருக்கணும்னு தோணுதா? அமைதியற்ற கால் நோயா இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு அதுக்கு ஒரு காரணம். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்போ ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை, ஒரு தைராய்டு பரிசோதனை எடுக்காம 'இது ஃபைப்ரோமயால்ஜியா' என்று முடிவு கட்டவும் கூடாது, 'ஒண்ணும் இல்லை' என்று அனுப்பவும் கூடாது.

சரி, ஃபைப்ரோமயால்ஜியாதான்னு உறுதியானா? முழுசா குணமாக்கும் மருந்து இல்லை. ஆனா வளையத்தின் கெயினைக் குறைக்கும் வழிகள் இருக்கு. ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பு 2016இல் எல்லாச் சிகிச்சைகளையும் எடை போட்டுப் பார்த்து, 'வலுவான பரிந்துரை' என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. வலிக்கிறவங்களை ஓடச் சொல்றது கொடுமை மாதிரித் தோணும். ஆனா பத்து நிமிஷ நடையில ஆரம்பிச்சு, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா வலி குறையுது. ஒரே நாளில் அதிகமா செஞ்சா அடுத்த ரெண்டு நாள் எழுந்திருக்க முடியாது; அந்த அளவை மீறாம இருக்கறதுதான் சூட்சுமம்.

அடுத்தது தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை. மாத்திரை கிடையாது. எப்போ படுத்தாலும் ஒரே நேரத்துல எழுந்திருக்கறது. தூக்கம் வந்தா மட்டும் படுக்கைக்குப் போறது. புரண்டுக்கிட்டே இருந்தா எழுந்து வந்து உட்கார்றது. படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வெச்சிக்கறது. கேட்க எளிசா இருக்கும், செய்ய ஒருத்தர் கூட இருந்து வழிநடத்தணும். மருந்துகளில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், பிரெகாபலின், டியூலாக்ஸெட்டின் போன்றவை சிலருக்கு உதவும். பிரெகாபலின் ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டுவதும் ஆய்வில் தெரிஞ்சிருக்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து ஒன்று, படுக்கும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் சைக்ளோபென்சாப்ரின். தூக்கத்தின் தரத்தைச் சரி செய்து அதன் வழியா வலியைக் குறைக்கலாம் என்ற எண்ணத்திலேயே உருவானது அது. டொரன்டோவில் கேட்ட கேள்வி ஐம்பது வருஷம் கழிச்சு ஒரு மாத்திரையா வந்திருக்கு. இதில் எதையும் இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு நீங்களா வாங்கிப் போடாதீங்க. ருமட்டாலஜி அல்லது பொது மருத்துவத்தில் ஒரு மருத்துவர் பார்த்துத் தர வேண்டியவை. காரைக்கால்ல இருந்து சுமார் 130 கிலோமீட்டர் தூரத்துல, புதுச்சேரி ஜிப்மர்ல கிளினிக்கல் இம்யூனாலஜித் துறை இருக்கு என்பதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

ஹாஸ்டல்ல நாம செய்யறது

கடைசியா நம்ம கதை. செமஸ்டருக்கு முந்தின ரெண்டு வாரம் நைட் அவுட் போட்டா உடம்பு வலிக்குது, தலை கனக்குது. அது ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. நாலு நாள் தூங்கினா போயிடும். கூகுளில் தேடிப் பயந்துக்காதீங்க. ஆனா அந்த ரெண்டு வாரம் உங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்குதுன்னு யோசிங்க. பெர்க்லி ஆய்வு உங்க அறையிலயே நடந்திருக்கு. நாலாம் நாள் காலையில படிக்கட்டு ஏறும்போது இருந்த அந்தக் கனம், அந்த எரிச்சல், அந்த மறதி. அது போகவே போகாம வருஷக் கணக்கா இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. வீட்ல ஒருத்தர் ஏன் சின்ன விஷயத்துக்கெல்லாம் சிடுசிடுன்னு விழறார்னு புரியலாம்.

நாம இன்னொண்ணும் செய்யறோம். தூங்காததைப் பெருமையா பேசுறோம். "மச்சி, மூணு நாளா தூங்கல" என்பது நம்ம ஹாஸ்டல்ல ஒரு பட்டம் மாதிரி. தூங்கணும்னு லைட்டை அணைக்கச் சொல்றவன் சோம்பேறி. முதல் பீரியடுக்கு வராதவளுக்குப் பெயர் 'ஓபி அடிக்கிறவ'. அவளுக்கு எழுந்து கை விரலை மடக்கவே அரை மணி நேரம் ஆகுதுன்னு யாருக்குத் தெரியும்? அவ சொன்னாலும் "உனக்கு என்ன வயசு, இப்பவே வலியா?"ன்னு சிரிப்போம். அவ அடுத்த தடவை சொல்ல மாட்டா. ஃபைப்ரோமயால்ஜியா கல்லூரி வயசிலும் வரும், ஆண்களுக்கும் வரும். நடுத்தர வயதுப் பெண்களுக்கு மட்டும் உரியதுன்னு நினைச்சுத்தான் பல பேரைத் தவற விடுறோம்.

நான் கேட்கறது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கல்லூரி மருத்துவ அறையில உடம்பு வலின்னு போறவங்களுக்கு எழுதும் சீட்டுல மூணு கேள்வி சேர்க்கலாம்: எத்தனை மாசமா வலி? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க? எழுந்ததும் தெளிவா இருக்கா? பதினொரு மணிக்கு மேல ஹாஸ்டல் வராந்தாவுல சத்தம் போடக் கூடாதுங்கற விதியை வார்டனுக்குப் பயந்து இல்லாம பக்கத்து அறைக்காரனுக்காகக் காப்பாத்தலாம். வாட்ச்ல 'ஸ்லீப் ஸ்கோர்' 92ன்னு வந்துச்சுன்னு இன்னொருத்தரோட களைப்பைப் பொய்யாக்காம இருக்கலாம். மணிக்கட்டுல கட்டின சென்சார் ஈ.ஈ.ஜி. எடுக்கறதில்லை.

வீட்டுக்குப் போனா செய்ய வேண்டியது இன்னும் சுலபம். "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடா"ன்னு அம்மா சொன்னா, தைலம் எடுத்துக் குடுத்துட்டு நகராதீங்க. பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. "ராத்திரி தூக்கம் எப்படிம்மா? எத்தனை வாட்டி எழுந்தே? எதுக்கு எழுந்தே?" அந்த மூணாவது கேள்விக்கு வர்ற பதில்ல பாதி நம்ம கையில இருக்கும். தண்ணி பிடிக்கறதை நீங்க எடுத்துக்கலாம். தாத்தாவுக்கு ராத்திரி மாத்திரை குடுக்கறதை அப்பா எடுத்துக்கலாம். மீதிப் பாதிக்கு மருத்துவர் வேணும், கூட்டிட்டுப் போங்க. ரிப்போர்ட் நார்மல்னு வந்தா அங்கேயே எழுந்து வந்துடாம, தூக்கத்தைப் பத்தி அம்மா சொன்னதை அவர்கிட்டயும் சொல்லுங்க.